கல்பாத்தி: தேர் நிலைக்கு வந்த பிறகும்

2024 நவம்பர் 13ஆம் தேதி பாலக்காடு சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. வேட்பாளர்கள் களத்தில் இறங்கினார்கள், பிரச்சாரமும் சூடு பிடித்தது. பாலக்காடு நகரின் கல்பாத்தித் தேரோட்டத்துக்கும் நவம்பர் 13தான் முதல் நாள் என்பதைக் கட்சிகள் எடுத்துச் சொன்னதும், தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை நவம்பர் 20க்குத் தள்ளி வைத்தது. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் வேறு பண்டிகைகளுக்காக அதே நாளில் தேதி மாறியது. ஆனால் கேரளத்தில் மாற்றத்துக்குக் காரணமாக இருந்தது ஒரே ஒரு ஊரின் ஒரு சில தெருக்கள். தேர்தல் ஆணையத்தின் அதிகாரத்தை நாட்டுக்கே புரியவைத்த டி.என்.சேஷன் இதே பாலக்காட்டின் திருநெல்லாயிக்காரர் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

அந்தத் தெருக்களைத் தேரை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பத்தியின் ஆசை.

தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் வாளையாரிலிருந்து கல்பாத்திக்கு இரண்டு வழி. மனிதர்கள் போவது தேசிய நெடுஞ்சாலை 544. சோதனைச்சாவடி இருந்த இடத்தைக் கடந்து, கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை, புதுசேரி என்று மேற்கே போய்ப் பாலக்காட்டுக்குள் நுழையலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வரிசையாக லாரிகள் காத்துக் கிடந்த சாலை அது. இன்னொரு வழி தண்ணீரின் வழி. வாளையார் ஆறு, கோரையாறு, வரட்டாறு, மலம்புழா ஆறு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் கல்பாத்திப்புழை. அது போய்ப் பாரதப்புழையில் கலக்கிறது. மலம்புழா அணையை 1955 அக்டோபரில் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். வாளையார் அணை 1964இல் முடிந்தது. ஆக, கல்பாத்திக் கோயில் படித்துறையில் காலை நனைப்பவர் வாளையார் மலைமேல் பெய்த மழையையும் தொட்டுவிட்டுத்தான் படி ஏறுகிறார்.

படித்துறைக்கு மேலே இருப்பது விசாலாட்சி சமேத விசுவநாத சுவாமி கோயில். தெருவிலிருந்து பார்த்தால் கோயில் பள்ளத்தில் இருக்கும். படிகளில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். குண்டுக் கோயில் என்றும் அதனால்தான் சொல்கிறார்கள். கோயில் வரலாறு 1425ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சேகரிபுரத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாள் என்ற கைம்பெண் காசிக்குப் போய் ஒரு பாணலிங்கத்தைக் கொண்டுவந்தார். பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொன் கொடுத்துக் கோயிலை எழுப்பச் செய்தார். கணவனை இழந்த ஒரு பெண், அந்தக் காலத்தில், தன் கைப்பணத்தில் ஒரு கோயிலை உண்டாக்கினார் என்பதை ஊரே அறிந்து பெயர் சொல்லி வைத்திருக்கிறது. கோயில் கட்டிய மன்னர்களின் பட்டியல் நமக்கு மனப்பாடம். கட்டிய பெண்களின் பெயர்கள் அரிதாகத்தான் தங்கியிருக்கின்றன. கல்பாத்தியின் முதல் பெருமை இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

காசியில் பாதி கல்பாத்தி என்ற சொலவடை இந்தக் கோயிலையும் ஆற்றையும் வைத்துப் பிறந்தது.

தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாகத் தஞ்சைப் பக்கத்திலிருந்து, பிராமணக் குடும்பங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏன் இங்கே வந்தன என்பதற்குப் பல கதைகள் உண்டு. பாலக்காட்டு அரச குடும்பத்துக்கும் நம்பூதிரிகளுக்கும் மனத்தாங்கல் வந்து, பூசைக்கும் சடங்குக்கும் ஆள் இல்லாமல் அரசர் கிழக்கிலிருந்து வரவழைத்தார் என்பது அதிகம் சொல்லப்படுவது. கதை எப்படியானாலும் வந்தவர்கள் தெருத்தெருவாகக் குடியமர்ந்தார்கள். அவற்றை இங்கே கிராமம் என்பார்கள். நகரத்தின் நடுவே இருந்தாலும் கிராமம்தான். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகியவை அருகருகே ஒட்டிக் கிடக்கின்றன. பழைய கல்பாத்தியில் லட்சுமி நாராயணப் பெருமாள், புதிய கல்பாத்தியில் மந்தக்கரை மகா கணபதி, சாத்தபுரத்தில் பிரசன்ன மகா கணபதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோயில்.

வீடுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். வாசலில் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, பிறகு கூடம், அடுக்களை, கிணற்றடி, கடைசியில் தோட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். மேலே மரப்படி ஏறினால் மச்சு. தஞ்சாவூர் அக்ரஹாரத்து வீட்டின் அதே அடுக்குதான். ஆனால் தஞ்சாவூரில் இல்லாத மழை இங்கே உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து அறைவதால் கூரையின் சரிவு கூடியிருக்கிறது, இறவாரம் முன்னால் நீண்டிருக்கிறது. பேசல் மிஷன் பாதிரிமார்கள் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு தட்டை ஓடு மலபார் முழுவதும் பரவியது. இன்று நாம் பழமை என்று படம் எடுக்கும் அந்தச் சிவப்புக் கூரை வரிசையும் அப்படி வந்து சேர்ந்த ஒரு புதுமைதான்.

முக்கியமான விஷயம் சுவர். கல்பாத்தியில் இரண்டு வீட்டுக்கு நடுவே சந்து கிடையாது. ஒரு வீட்டின் பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் பக்கச் சுவர். இரண்டு கூரையின் உத்தரமும் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும். இந்த வீட்டில் இடித்தால் அந்த வீட்டில் விரிசல் விடும். இந்த வீட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால், அதுவரை நேராக ஓடிய தண்ணீர் பக்கத்து வீட்டு ஓட்டின் விளிம்பில் போய்த் தேங்கும், ஒன்றிரண்டு மழைக்காலத்தில் சுவர் ஊறிவிடும். அழகுக்காக மட்டும் இந்த வரிசையைக் காப்பாற்றச் சொல்லவில்லை. தனித்தனி வீடாகப் பிரித்தால் நிற்க முடியாதபடி கட்டப்பட்ட வரிசை இது. ஒருவர் சொத்தில் மற்றவர் பாரம் தாங்கி நிற்கிறது.

இந்த வீடுகளை நடத்திய வருமானம் நெல். கல்பாத்திக் குடும்பங்கள் பலவற்றுக்கு வெளியே வயல் இருந்தது, குத்தகைக்காரர்கள் பயிரிட்டு நெல் அளந்தார்கள். 1970 ஜனவரி 1 முதல் கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து, உழுதவர்களுக்கு நிலம் போனது. அது நியாயமான சட்டம். அதே சட்டத்தால் அக்ரஹாரத்தின் அஸ்திவாரம் அசைந்ததும் உண்மை. அதற்கு முன்பே படித்த பிள்ளைகள் ரயிலேறத் தொடங்கியிருந்தார்கள். போத்தனூரிலிருந்து பாலக்காடு வழியாக மேற்குக் கரைக்கு 1862இலேயே ரயில் பாதை முடிந்திருந்தது. பம்பாயில் மாட்டுங்கா, செம்பூர், டெல்லியில் கரோல்பாக் என்று பாலக்காட்டுத் தமிழ் பேசும் சின்னச் சின்னக் கல்பாத்திகள் உண்டாயின. இங்கே வீடுகளில் பெரியவர்கள் மிஞ்சினார்கள்.

ரயிலேற்றி அனுப்பியது படிப்பு. பேசல் மிஷன் பள்ளியும் விக்டோரியா கல்லூரியும் இல்லாத பாலக்காட்டு வரலாறு கிடையாது. 1866இல் பள்ளியாகத் தொடங்கிய விக்டோரியா கல்லூரியில்தான் எம்.டி.வாசுதேவன் நாயர் படித்தார், ஓ.வி.விஜயன் படித்தார். சேஷனும், கொங்கண் ரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய இ.ஸ்ரீதரனும் இந்த இரண்டு இடங்களிலும் ஒன்றாகப் படித்தவர்கள்.

இசையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பாலக்காடு மணி ஐயர் முதலில் மிருதங்கம் கற்றது சாத்தபுரம் சுப்பையரிடம். 1966இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன் எந்த மிருதங்கக் கலைஞருக்கும் அது கிடைத்ததில்லை. பாட்டுக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் கொடுப்பவர் என்றிருந்த ஒரு கலைஞரின் தகுதியே அந்த ஆண்டில் உயர்ந்தது. அதன் தொடக்கம் இந்தத் தெருக்களில் ஒன்றில் இருந்தது. கோட்டாயியின் செம்பை வைத்தியநாத பாகவதரும் மஞ்சப்ராவின் எம்.டி.ராமநாதனும் இதே மண்ணிலிருந்து வந்தவர்கள். வாளையார் சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன். தேர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் கல்பாத்தி சங்கீத உற்சவம் இந்த மரபின் இன்றைய முகம்.

தேரைச் சொல்லாமல் விட முடியாது. ஐப்பசியின் கடைசி மூன்று நாள். முதல் நாள் விசுவநாத சுவாமி கோயிலின் தேர்கள், இரண்டாம் நாள் மந்தக்கரை கணபதி, மூன்றாம் நாள் பெருமாளும் சாத்தபுரத்துக் கணபதியும். வடம் பிடிக்கும் கூட்டம் முன்னால். பின்னால் யானை நெற்றியைக் கொடுத்துத் தள்ளும். ஆனால் தேர் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது இந்த இரண்டு தரப்பும் அல்ல, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான். கட்டையை ஒரு விரற்கடை தள்ளி வைத்தால் தேர் திரும்பும். நேரத்துக்கு வைக்காவிட்டால் திண்ணையில் ஏறிவிடும். அவ்வளவு குறுகிய தெரு அது. அவர்களுடைய கண் முழுக்கச் சக்கரத்தில் இருக்கும், சுவாமியைப் பார்க்க அவர்களுக்கு நேரமே கிடைக்காது. மூன்றாம் நாள் மாலை எல்லாத் தேரும் தேர்முட்டியில் கூடுவதைத் தேவரத சங்கமம் என்கிறார்கள். அதைப் பார்க்க மாவட்டமே திரண்டு வரும்.

மாவட்டமே திரண்டு வரும் என்று இன்று எழுத முடிகிறது. 1924இல் எழுத முடிந்திருக்காது.

அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வைக்கம் நினைவிருக்கிறது. பெரியார் சிறை சென்றதும் கோயிலைச் சுற்றிய சாலைக்காக நடந்த சத்தியாகிரகமும் பாடப்புத்தகத்தில் உண்டு. அதே ஆண்டில் அதே கேள்வி கல்பாத்தியிலும் எழுந்தது, அது பாடப்புத்தகத்தில் இல்லை. வைக்கம் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. கல்பாத்தியோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் யார் நடக்கவும் தடையில்லை, பொதுக் கிணற்றையும் குளத்தையும் யாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆனது. அந்த உரிமையை நம்பி அவ்வாண்டுத் தேர்த் திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவுக்குள் வந்த ஈழவர் சாதியினர் அடித்து விரட்டப்பட்டார்கள். சட்டம் நடக்கலாம் என்றது, தெரு கூடாது என்றது. மாவட்ட நிர்வாகம் தெருவின் பக்கம் சாய்ந்து தடை போட்டது. ஈழவர்களில் பலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டாவது ஒரு பொதுத் தெருவில் நடக்க முடியுமா என்று பார்க்க வேண்டிய நிலை.

இதையும் சேர்த்தே கல்பாத்தியைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தெருவை எதிர்த்து நின்றவர்களில் அந்தத் தெருப் பிள்ளையும் ஒருவர். கல்பாத்தியில் பிறந்த டி.ஆர்.கிருஷ்ணசாமி ஐயர் வழக்கறிஞர், காங்கிரஸ்காரர். 1923இல் பாலக்காட்டு மாநாட்டில் எல்லாச் சாதியாருடனும் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகச் சொந்தச் சமூகம் அவரைத் தள்ளி வைத்தது. அவர் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தைத் தொடங்கி, தீண்டாமைக்கு ஆளான குழந்தைகளையும் மற்றக் குழந்தைகளையும் ஒரே கூரையின்கீழ் வளர்த்தார், படிக்கவைத்தார். காந்தி அங்கே 1925, 1927, 1934 என்று மூன்று முறை வந்திருக்கிறார். ஆசிரமத்தில் பணியாற்றிய அனந்த ஷெனாய் என்ற இளைஞர் அங்கிருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, போகக் கூடாது என்றிருந்த கல்பாத்தித் தெருவிலேயே ஊர்வலம் போனார். பிற்காலத்தில் ஆனந்த தீர்த்தர் என்று பெயர் பெற்று, நாராயண குருவின் சீடராகி, வாழ்நாள் முழுவதையும் இந்த வேலைக்கே கொடுத்தவர் அவர். மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் டீக்கடை, கிணறு, கோயில் என்று ஒவ்வொரு வாசலாகத் திறக்கப் போராடியிருக்கிறார்.

1947இல் சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் கோயில் கதவுகளையே திறந்துவிட்டது. இன்று வடம் பிடிப்பவரின் சாதியை யாரும் கேட்பதில்லை. அந்த மாற்றம் தானாக வரவில்லை. அடி வாங்கியவர்கள் இருந்தார்கள், ஒதுக்கி வைக்கப்பட்டவர் இருந்தார். கல்பாத்தியைப் பாரம்பரியக் கிராமம் என்று அரசு அறிவித்திருக்கிறது. பாரம்பரியம் என்பதில் இந்தப் பக்கமும் அடங்கும். லட்சுமி அம்மாளின் 1,320 பொன்னைச் சொல்லும் வழிகாட்டி, 1924ஐயும் சொல்ல வேண்டும்.

பாலக்காட்டுத் தமிழ் என்றாலே அக்ரஹாரம் என்று நினைப்பதும் முழுமை இல்லாத நினைப்பு. இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் ராவுத்தர்கள் இருக்கிறார்கள். நெசவுக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. எலப்புள்ளிக்கு அருகே ராமசேரியில் முதலியார் குடும்பத்துப் பெண்கள் சுடும் இட்லி ஒரு சான்று. பானை வாயில் கயிற்று வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவை ஊற்றி, மற்றொரு பானையை மேலே கவிழ்த்து வேகவைப்பார்கள். தட்டையாக, ஓரம் மெல்லியதாக வரும். பொடியும் தேங்காய் எண்ணெயும் தொட்டுக்கொள்ள. காஞ்சிபுரத்திலிருந்து வந்த முன்னோர் கொண்டுவந்த கைப்பக்குவம் என்கிறார்கள். கல்பாத்தியின் அரிசி அப்பளத்துக்கும் கொண்டாட்டம் என்கிற வற்றலுக்கும் கிடைக்கும் மரியாதை இதற்கும் உரியது.

நகரத்தின் மற்ற அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டை ஊர் நடுவே அகழியோடு நிற்கிறது. ஜைனிமேட்டில் சமணக் கோயில் இருக்கிறது. 1907இல் மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 'வீண பூவு' கவிதையை எழுதியது அங்கே தங்கியிருந்தபோதுதான். கல்பாத்தி, கோட்டை, சமணக் கோயில் மூன்றும் ஒரே நகரத்தில், ஒரு மதியத்துக்குள் பார்த்துவிடக்கூடிய தூரத்தில்.

இனி, கல்பாத்தி எப்படி நிலைக்கும் என்பது. பாரம்பரியக் கிராமம் ஆனதால் வீட்டை இடிக்கவோ மாற்றவோ மாநில அரசின் கலை–பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். சுவரைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால் அந்தக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் ஒழுகும் கூரையைச் சரி செய்யவும், வயதானவர்களுக்காகக் கீழேயே கழிப்பறை கட்டவும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற குறை அங்கே பல ஆண்டுகளாகக் கேட்கிறது. அலுத்துப்போகிறவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஃபிளாட்டுக்குப் போகிறார்கள். பூட்டிய வீட்டின் ஓடு சரிந்தால் இரண்டு பக்கத்துச் சுவரும் நனையும். ஆற்றின் கதியும் இதேதான். கரையில் குப்பை, தண்ணீரில் சாக்கடை. 2018 ஆகஸ்டில் மலம்புழா மதகுகள் திறந்தபோது கரையோரத்துக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

இந்தச் சிக்கலுக்கு வழி காட்டும் ஓர் உதாரணம் வெகு தூரத்தில் இருக்கிறது. நார்வேயின் டிரோன்ஹெய்ம் நகரில் பாக்லாண்டெட் என்று ஒரு பழைய பகுதி. நிடெல்வா ஆற்றின் கிழக்குக் கரையில், குன்றின்மேல் ஒரு கோட்டைக்குக் கீழே, தொழிலாளர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1960களில் அகலச் சாலை போட அதை இடிக்கத் திட்டமிட்டார்கள். குடியிருந்தவர்கள் விடாமல் எதிர்த்தார்கள், கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. தப்பிய தெருவை அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அங்கே ஏற்றம் செங்குத்து, சைக்கிளில் ஏறுவது கடினம். 1993இல் அதே பழைய தெருவோரத்தில் சைக்கிள்காரரின் காலைத் தாங்கி மேலே தள்ளிவிடும் ஓர் இயந்திரத்தை நிறுவினார்கள். உலகில் அப்படி ஒன்று அதுதான் முதல். வீடு பழையது, வசதி புதியது, இரண்டும் அங்கே வாழ்பவர்களுக்காக.

கல்பாத்திக்கும் இதே கணக்கு பொருந்தும். முகப்பு, திண்ணை, கூரைச் சரிவு, பொதுச் சுவர் இவற்றில் கை வைக்கக் கூடாது என்பது கறாராக இருக்கட்டும். உள்ளே கழிப்பறை, மின்கம்பி, அடுக்களை மேடை இவற்றுக்கான அனுமதி பாலக்காட்டிலேயே, சில நாட்களில் கிடைக்கட்டும். ஓடு மாற்றும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கட்டும். தேருக்காகச் செலவிடும் தொகையில் கொஞ்சத்தை ஆற்றுக்கும் ஒதுக்கட்டும். தேர்முட்டிக்கு அருகே மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை வைத்து, 1924இல் இந்தத் தெருவில் என்ன நடந்தது, யார் நின்றார்கள் என்று எழுதட்டும்.

அடுத்த ஐப்பசியில் தேர் பார்க்கக் கிளம்பும் வாசகர்கள் ஒரு பகலைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேரும் முன் காலையில் சாத்தபுரம்வரை நடந்து பாருங்கள். பிறகு அகத்தேத்தறைக்குப் போங்கள். காந்தி தங்கிய குடில் அங்கே இன்னும் இருக்கிறது. கல்பாத்தியிலிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரம்தான்.